ஒரு துறையின் கதையும் ஆட்சிமுறையும்: மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை



பல்கலைக்கழகத் துறை ஒன்றின் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் அங்குப் பணியாற்றிய பேராசிரியர்களின் வரலாற்றைப் பேசுவர். அவர்கள் எழுதிய நூல்களையும் உருவாக்கிய மாணவர்களையும் எடுத்துரைப்பர். அது வேண்டியதே. எனினும் இன்று வேறொரு பக்கத்தைத் திறந்து காட்ட விழைகிறேன். ஒரு துறை வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? அதில் எந்த மொழி முதன்மை பெறும் என்பதை எந்த அவை தீர்மானிக்கிறது? துறைத்தலைவரை அமர்த்துபவர் யார்? பாடத்திட்டம் எத்தனை படிகளைக் கடக்க வேண்டும்? உலர்ந்த வினாக்களாகத் தோன்றும் இவற்றின் விடைகளில்தான் நம் நாட்டில் தமிழ் உயர்கல்வி பிறந்ததும், வளர்ந்ததும், இன்று எதிர்நோக்கும் இடர்களும் அடங்கியுள்ளன.

கிள்ளானில் எழுந்த கோரிக்கை

இவ்வுரையைக் கிள்ளானிலிருந்தே தொடங்குவது பொருத்தம். 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் இவ்வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் முதலியோர் வழிநடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அப்போராட்டத்தின் மையமாக விளங்கியது. கூலி உயர்வு மட்டுமே அவர்கள் கேட்டதன்று. கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரைமார் எதிரே வரும்போது மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற இழிநிலை ஒழிய வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் அக்கோரிக்கைகளுள் ஒன்று. அரசு படையை வரவழைத்தது. தொழிலாளர் சிலர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். நாதன் கைதுசெய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார்.

தோட்டப் பள்ளிக்கு ஒரு நல்லாசிரியர் கிடைப்பதே அரிதாயிருந்த காலம் அது. அக்கோரிக்கை எழுந்து பதினைந்து ஆண்டுகளில் இந்நிலத்தின் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கென ஒரு துறை அமைந்தது. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது என்ன?

பல்கலைக்கழகமும் அதன் அவைகளும்

போர் முடிந்தபின், மலாயாவில் உயர்கல்வியின் எதிர்காலத்தை ஆராய சர் அலெக்சாண்டர் கார்-சாண்டர்ஸ் தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையின்படி சிங்கப்பூரிலிருந்த ஏழாம் எட்வர்டு அரசர் மருத்துவக் கல்லூரியும் இராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து, 1949 அக்டோபர் 8ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியது.

அதன் ஆட்சியமைப்பு பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் மரபைத் தழுவியது. தலைமேல் வேந்தர், அன்றாட ஆட்சிக்குத் துணைவேந்தர். நிதி, கட்டடம், பணியமர்த்தம் ஆகியவற்றுக்கு ஆட்சிக்குழு. பாடம், தேர்வு, பட்டம் ஆகியவற்றுக்குச் செனட் எனப்படும் கல்விப்பேரவை. அதன் கீழ்ப் புலங்கள், புலங்களுக்குள் துறைகள். பணப்பை ஓரிடத்திலும் அறிவுப்பொறுப்பு வேறோரிடத்திலும் இருக்க வேண்டும் என்பதே இவ்வமைப்பின் உட்கருத்து. பேராசிரியர்கள் பாடத்தைத் தீர்மானிப்பர். ஆனால் அதற்குரிய பணத்தை ஆட்சிக்குழுவே ஒதுக்க வேண்டும். ஒரு புதிய துறை இவ்விரு வாயில்களையும் கடந்தால்தான் உயிர்பெறும்.

இந்த இரட்டை வாயிலை மனத்தில் இருத்திக்கொண்டால், அடுத்து நிகழ்ந்தது தெளிவாக விளங்கும்.

வடமொழியா, தமிழா?

மலாய் ஆய்வியல் துறை 1953இல் தொடங்கியது. அறிஞர் ஸாபா அதன் தொடக்கக் காலத்தில் பணியாற்றினார். சீன மொழிக்கும் துறை அமைந்தது. இந்திய ஆய்வியலுக்கு வழிகாட்டுமாறு புகழ்பெற்ற வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியாரின் கருத்து கேட்கப்பட்டது. அவர் வடமொழிக்கே முதன்மை தரப் பரிந்துரைத்தார்.

அப்பரிந்துரையை வெறும் பகைமையின் விளைவாகக் காண்பது நேர்மையாகாது. தென்கிழக்காசியாவின் தொன்மையான கல்வெட்டுகள் பல வடமொழியில் உள்ளன. மலாய் மொழியிலும் சாவக மொழியிலும் அம்மொழிச் சொற்கள் நிறைந்துள்ளன. பண்டைய தென்கிழக்காசியாவை ஆராய்பவருக்கு வடமொழி ஒரு திறவுகோல் என்ற வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆயினும் எதிர்வாதம் அதனினும் வலிமையுடையதாயிருந்தது. இந்நாட்டு இந்தியர்களுள் பெரும்பான்மையோர் பேசும் மொழி தமிழ். ஈராயிரம் ஆண்டு இலக்கிய மரபுடைய அம்மொழி உயிருடன் வழங்கும் மொழியுமாகும். அம்மக்களின் வரிப்பணத்தையும் பெற்று இயங்கும் பல்கலைக்கழகத்தில் அவர்கள் மொழிக்கு இரண்டாமிடமா என்ற வினா எழுந்தது.

அவ்வினாவை நாடெங்கும் எழுப்பியவர் தமிழ் முரசு இதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி. 1935இல் தோன்றிய அவ்விதழ் அதற்குள் மலாயா, சிங்கப்பூர்த் தமிழர்களின் பொது மேடையாகியிருந்தது. தலையங்கங்கள் எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டும் இயக்கத்தைத் தொடங்கினார். வணிகரும் ஆசிரியரும் தந்தனர். துறைமுகத் தொழிலாளரும் பால்மரம் சீவுவோரும் தந்தனர்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது சாரங்கபாணியாரின் நிருவாக அறிவு. வல்லுநரின் அறிக்கை என்பது அறிவுரை, முடிவன்று. அறிவுரைக்கும் முடிவுக்கும் இடையே ஒரு கால இடைவெளி இருக்கிறது. அவ்விடைவெளியிலேயே பொதுமக்களின் குரல் நுழைய இயலும். கல்விப்பேரவையை நோக்கித் தமிழின் தகுதியை வாதமாக வைத்ததும், பணப்பொறுப்புடையோர் முன் ‘எங்கள் பங்கை நாங்கள் தருகிறோம்’ என்று நிதியை வைத்ததும் இரண்டு வாயில்களையும் ஒருசேரத் தட்டிய செயல். உணர்ச்சி மட்டும் இருந்திருந்தால் கூட்டங்களும் கண்டனத் தீர்மானங்களுமே எஞ்சியிருக்கும்.

1956இல் இந்திய ஆய்வியல் துறை தமிழை முதன்மை மொழியாகக் கொண்டு தொடங்கியது.

சிங்கப்பூரிலிருந்து பந்தாய்ப் பள்ளத்தாக்கிற்கு

மலாயா விடுதலை பெற்றபின் பல்கலைக்கழகத்தின் ஆட்சியமைப்பும் மாறியது. 1959இல் அது சிங்கப்பூர், கோலாலம்பூர் எனத் தன்னாட்சியுடைய இரு பிரிவுகளாயிற்று. எத்துறை எங்கே என்ற பங்கீட்டில் இந்திய ஆய்வியல் துறை கோலாலம்பூருக்கு வந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1962 ஜனவரி முதல் நாளிலிருந்து கோலாலம்பூர்ப் பிரிவே மலாயாப் பல்கலைக்கழகம் என்ற பெயருடன் தனி நிறுவனமாயிற்று. சிங்கப்பூர்ப் பிரிவு சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமாயிற்று. துங்கு அப்துல் ரகுமான் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வேந்தரானார்.

இதில் ஒரு முரண் உண்டு. தமிழுக்காக இயக்கம் நடத்திய இதழின் ஊர் சிங்கப்பூர்; துறை வந்து சேர்ந்த ஊர் கோலாலம்பூர். நிருவாகப் பங்கீடு ஒன்றினால் ஓரூர் பெற்றது, மற்றோரூர் இழந்தது. பிரிக்பீல்ட்சுக்கு மிக அண்மையில், கிள்ளானிலிருந்து பேருந்தேறிச் சென்று படிக்கும் தொலைவில் அத்துறை அமைந்தது நமக்கு வாய்த்த நற்பேறு. அந்நற்பேறு ஆட்சிக்குழுக்களின் மேசையில் தீர்மானிக்கப்பட்டது என்பதையும் மறத்தலாகாது.

தனிநாயகம் அடிகளின் காலம்

1961இல் சேவியர் தனிநாயகம் அடிகள் துறைத்தலைமையை ஏற்றார். இலங்கையில் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் 1913இல் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்றவர். 1952இல் ‘தமிழ்க் கலாச்சாரம்’ எனப் பொருள்படும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கி, தமிழாய்வை உலகறிஞர்கள் வாசிக்கும் மொழியில் வழங்கியவர். 1969 வரை அவர் இங்குப் பணியாற்றினார். கலைப்புல முதல்வராகவும் விளங்கினார்.

அக்கால ஆட்சிமுறையில் பேராசிரியரின் இருக்கை மிகுந்த அதிகாரமுடையது. துறையின் ஒரே பேராசிரியர் பெரும்பாலும் அதன் தலைவராகவே நீடிப்பார். பாடத்திட்டமும் விரிவுரையாளர் தெரிவும் நூலகக் கொள்முதலும் அவருடைய பார்வையின் வழியே செல்லும். புல முதல்வரைப் புலத்தின் ஆசிரியர்களே தேர்ந்தெடுத்தனர். பேராசிரியர்கள் கல்விப்பேரவையில் அமர்ந்தனர். இம்முறை நல்லவர் கையில் நன்மையாகவும் மற்றவர் கையில் தேக்கமாகவும் முடியக்கூடியது. தமிழுக்கு அன்று வாய்த்தவர் நல்லவர்.

அடிகள் துறையைத் தமிழிலக்கியத்தோடு சுருக்கவில்லை. இந்திய வரலாறும் பண்பாடும் அதன் பரப்பில் அடங்கின. வரலாற்றறிஞர் சி. அரசரத்தினம் 1960களில் இத்துறையில் பணியாற்றிப் பின்னர் வரலாற்றுத்துறைப் பேராசிரியரானார். மலேசிய, சிங்கப்பூர் இந்தியர் பற்றிய அவருடைய நூல் 1970இல் வெளிவந்து இன்றளவும் பயன்படுகிறது. இராம சுப்பையா இந்நாட்டில் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் தொகுத்து 1969இல் ஒரு நூற்பட்டியலை வெளியிட்டார். ச. சிங்காரவேலு சங்ககாலத் தமிழரின் சமுதாய வாழ்வை ஆராய்ந்து 1966இல் நூலாக்கினார். பின்னர் இராமகாதையின் தென்கிழக்காசிய வடிவங்களை ஒப்பாய்ந்து புகழ்பெற்றார். ஒரே கூரையின் கீழ் வரலாறும் இலக்கியமும் நூலகவியலும் கைகோத்ததற்கு, ‘இந்திய ஆய்வியல்’ என்ற விரிந்த பெயரும் அதனை விரித்தே பொருள்கொண்ட தலைமையும் காரணங்கள்.

அக்காலத்தின் உச்சம், 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை கோலாலம்பூரில் நிகழ்ந்த முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு. 1964 ஜனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் அனைத்துலக மாநாடு கூடியபோது, அங்கேயே உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை அடிகளும் பிற அறிஞர்களும் நிறுவினர். அதன் முதல் மாநாட்டுக்குத் தமிழகமோ இலங்கையோ அல்லாமல் மலேசியா களமாயிற்று. அதற்கு ஒரு நிருவாகக் காரணமும் உண்டு. அழைப்பனுப்பவும் இடந்தரவும் கட்டுரைகளைப் பதிப்பிக்கவும் வல்ல ஒரு துறை இங்கே இருந்தது. அத்துறையின் தலைவருக்குப் பல்கலைக்கழகத்திற்குள்ளும் அரசிடத்தும் செல்வாக்கு இருந்தது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் மாநாட்டைத் தொடக்கி வைத்தார். துறை இல்லாதிருந்தால் மாநாடு இல்லை. தோட்டத் தொழிலாளரின் வெள்ளி இல்லாதிருந்தால் ஒருவேளை அந்தத் துறையே வேறு உருவம் பெற்றிருக்கும்.

சட்டம் மாறியது, அதிகாரம் நகர்ந்தது

1971இல் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் இயற்றப்பட்டது. மாணவர்களின் அரசியல் ஈடுபாட்டைக் கட்டுப்படுத்திய சட்டமாகவே பலரும் அதனை அறிவர். ஆட்சிமுறையில் அது விளைவித்த மாற்றம் அதற்குக் குறைந்ததன்று. பொதுப் பல்கலைக்கழகங்கள் அனைத்தும் ஒரே சட்டத்தின் கீழ் வந்தன. துணைவேந்தரை அமர்த்துவதில் அமைச்சரின் இடம் உறுதியாயிற்று. 1970களில் புல முதல்வர்களை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கும் வழக்கம் மறைந்து, துணைவேந்தர் அமர்த்தும் முறை வந்தது. 1990களின் திருத்தங்களால் பழைய ஆட்சிக்குழுவின் இடத்தை இயக்குநர் வாரியம் பெற்றது. கல்விப்பேரவை அளவிற் சிறுத்தது. 1998இல் மலாயாப் பல்கலைக்கழகம் நிறுவனமயமாக்கப்பட்டது.

இம்மாற்றங்களின் மொத்தப் பொருள் இதுதான்: கீழிருந்து மேலே சென்ற அதிகாரம் மேலிருந்து கீழே வரத் தொடங்கியது. முன்பு ஒரு துறைத்தலைவர் தம் உடன் ஆசிரியர்களின் நம்பிக்கையைப் பெற்றால் போதும். பின்னர் புல முதல்வரின் நம்பிக்கையும், அவர் வழியே துணைவேந்தரின் நம்பிக்கையும் வேண்டியதாயிற்று. அத்துடன் தலைமைப் பதவி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கைமாறுவதும் வழக்கமாயிற்று. ஒருவரே பத்தாண்டு ஆள்வதால் வரும் தேக்கம் இதனால் நீங்கியது. ஆனால் அடிகளைப்போல் எட்டாண்டுத் தொலைநோக்குடன் திட்டமிடும் வாய்ப்பும் உடன் நீங்கியது.

அதே காலத்தில் பயிற்றுமொழியும் படிப்படியாக மலாயாயிற்று. தமிழ் இலக்கியப் பாடங்கள் தமிழில் தொடர்ந்தன. ஏனையவை தேசிய மொழிக்கு மாறின. துறையின் மாணவர் இரு மொழிகளிலும் ஆய்வெழுதும் திறன் பெற வேண்டியதாயிற்று. இச்சூழலிலும் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை மாணவர்கள் சிறுகதைப் போட்டிகளை நடத்தி ‘பேரவைக் கதைகள்’ தொகுதிகளை வெளியிட்டு மலேசியத் தமிழ் எழுத்துக்கு ஊட்டம் தந்தனர். இன்று எழுதிவரும் பலருக்கு அதுவே முதல் மேடை.

இன்றைய நிலை: எண்களின் ஆட்சி

இன்று ஒரு பாடத்தை மாற்ற வேண்டுமாயின், துறைக்கூட்டம், புலக்குழு, கல்விப்பேரவை என அது ஏற வேண்டும். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த மலேசியத் தகுதி முகவத்தின் தரக்கட்டமைப்புக்கு அது இயைந்திருக்க வேண்டும். புறநிலை மதிப்பீட்டாளரின் கருத்தும் வேண்டும். இப்படிகள் தரத்தைக் காக்கின்றன, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் தமிழறியாத ஒருவர் தமிழ்ப்பாடத்தின் தேவையைப் புரிந்துகொள்ளும்படி எழுதிக்காட்டும் ஆற்றல் துறையினருக்கு வேண்டும். தொல்காப்பியம் ஏன் ஒரு பருவம் முழுதும் கற்பிக்கப்பட வேண்டும் என்பதைப் பொறியியற் பேராசிரியர் ஒருவர் ஏற்கும் வகையில் விளக்குவதும் இன்று தமிழ்ப்பணியே.

இரண்டாவது, ஆய்வின் மதிப்பீடு. 2006இல் மலாயாப் பல்கலைக்கழகம் ஆய்வுப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. அதன்பின் அனைத்துலகக் குறிப்பட்டவணைகளில் இடம்பெறும் இதழ்களில் வெளியாகும் கட்டுரைகளே பதவி உயர்வில் பெரிதும் எண்ணப்படுகின்றன. அவ்விதழ்களுள் மிகப்பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. குறுந்தொகையின் உரைவேறுபாட்டைத் தமிழில் நுணுகி ஆராயும் விரிவுரையாளர் அந்தக் கணக்கில் பின்தங்குகிறார். வடமொழியா தமிழா என்று 1950களில் கேட்கப்பட்ட வினா, தமிழில் ஆய்வா ஆங்கிலத்தில் ஆய்வா என்ற புதிய வடிவில் திரும்பியிருக்கிறது. முன்னது செய்தித்தாள்களில் எழுந்து மக்களைத் திரட்டியது. பின்னது மதிப்பீட்டுப் படிவம் ஒன்றின் கட்டங்களுக்குள் ஓசையின்றி அமர்ந்திருக்கிறது. அதனால் நம் கண்ணில் படுவதில்லை.

மூன்றாவது, மாணவர் எண்ணிக்கை. ஒரு துறைக்கு எத்தனை விரிவுரையாளர் என்பதைப் பெரும்பாலும் மாணவர் தொகையே முடிவு செய்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும், எஸ்.டி.பி.எம். தேர்வில் தமிழையும் எடுப்போர் குறைந்தால், அதன் அதிர்வு சில ஆண்டுகளில் பல்கலைக்கழகத்தின் பணியிடப் பட்டியலில் தெரியும். ஓய்வுபெறும் ஒருவரின் இடம் நிரப்பப்படாமற் போவதற்கு எப்போதும் தீய எண்ணம் காரணமாக வேண்டியதில்லை; எண்ணிக்கை போதாமையே காரணமாகலாம். அதே பல்கலைக்கழகத்தில் மொழி, மொழியியல் புலத்திலும் தமிழ் கற்பிக்கப்படுகிறது. இரண்டும் வெவ்வேறு புலங்கள்; வெவ்வேறு முதல்வர்கள்; வெவ்வேறு நிதி ஒதுக்கீடுகள். ஒன்றன் வளர்ச்சி மற்றதன் தளர்ச்சி ஆகாதவாறு காப்பது, இரு பக்கத்தாரும் கலந்து பேசினால் மட்டுமே இயலும்.

நாம் செய்யத்தக்கவை

நம் சமுதாயம் நிதி திரட்ட அறியும். மாநாடு கூட்ட அறியும். 1966க்குப் பின் 1987, 2015, 2023 ஆகிய ஆண்டுகளிலும் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தியிருக்கிறோம். ஆனால் ஒரு துறை எவ்வாறு ஆளப்படுகிறது என்பதை அறிந்து, உரிய அவையை உரிய காலத்தில் அணுகும் பழக்கம் நம்மிடம் குறைவு. முடிவெடுக்கப்பட்டபின் கண்டனக் கூட்டம் கூட்டுகிறோம். முடிவுக்கு முந்திய இடைவெளியைத் தவறவிடுகிறோம். சாரங்கபாணியார் தவறவிடாதது அவ்விடைவெளியையே.

ஆகவே மூன்று கருத்துகளை அவையின் முன் வைக்கிறேன். முதலாவது, முன்னாள் மாணவர்கள் ஆண்டுவிழாவுக்கு மட்டும் கூடுவோராக இல்லாமல், பாடத்திட்ட மறுஆய்வு நிகழும் காலத்தை அறிந்து கருத்தெழுதி வழங்குவோராக வேண்டும். இரண்டாவது, கொடையளிப்போர் பொன்னாடை பெற்றுத் திரும்பாமல், எந்த ஆய்வுக்கு, எத்தனை ஆண்டுக்கு, எந்த மொழியில் என்பதை எழுத்தில் வரையறுத்து அளிக்க வேண்டும். தமிழில் ஆய்வு செய்வோருக்கென ஓர் ஆய்வுநிதி வரையறுக்கப்பட்டால், மதிப்பீட்டுக் கட்டங்களுக்குள்ளும் அதற்கு ஓர் இடம் கிடைக்கும். மூன்றாவது, இடைநிலைப் பள்ளியில் நம் பிள்ளைகள் தமிழ்மொழித் தேர்வும் இலக்கியத் தேர்வும் எழுதுவதை உறுதிசெய்ய வேண்டும். இது மூன்றனுள் எளியது, பயனிலோ முதன்மையானது.

கிள்ளான் தோட்டங்களில் 1941இல் பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டவர்களுள் பலர் எழுத்தறியாதவர்கள். அவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் அவைகளைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் யாரிடம் கேட்க வேண்டும், எதனைக் கேட்க வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம் பட்டம் பெற்றிருக்கிறோம். அத்தெளிவை நாமும் பெறுவது அவர்களுக்குச் செலுத்தவேண்டிய கடன்.